எட்டுப் பேர் கேட்கக் கத்திவிட்டேன், எச்.ஆர். என்னை இமோஷனல் இன்டெலிஜென்ஸ் வகுப்புக்கு அனுப்பிவிட்டது

சோழிங்கநல்லூர்க்காரன் · திங்கள், இரவு 12:50

தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே வந்து எழுதுகிறேன். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு ஐ.டி. நிறுவனம், பெயர் வேண்டாம். பதினோரு வருட அனுபவம், அதில் மூன்று வருடமாக டீம் லீட், எனக்குக் கீழே எட்டுப் பேர். போன மாதம் ஒரு ரிலீஸ் அன்று ராத்திரி 11:40-க்கு ப்ரொடக்ஷன், அதாவது கிளையன்ட் பயன்படுத்துகிற நிஜ சிஸ்டம், விழுந்துவிட்டது. காரணம் சிஸ்டத்தின் அமைப்புகள் இருக்கிற ஒரு கான்ஃபிக் ஃபைல். டெஸ்ட் சர்வர் முகவரியை மாற்றாமல் அப்படியே ஏற்றிவிட்டார் டீமில் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்கே ரோல்பேக் செய்துவிட்டோம், பெரிய சேதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நான் மீட்டிங்கில் எல்லோரும் கேட்க "உன்னையெல்லாம் யாரு வேலைக்கு எடுத்தது" என்று ஆரம்பித்து இன்னும் என்னென்னவோ கத்தித் தீர்த்துவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மைக்கை மியூட் செய்துவிட்டு வேலையை முடித்துக் கொடுத்தார்.

யாரோ எச்.ஆரிடம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் சொல்லவில்லை என்பது உறுதி. தண்டனை எதுவும் இல்லை, கிண்டியில் ஒரு ஹோட்டலில் அரை நாள் இமோஷனல் இன்டெலிஜென்ஸ் வகுப்பு. மூச்சை உள்ளே இழு, வெளியே விடு, உன் உணர்ச்சியை ஒரு நிறமாக நினைத்துக்கொள், பக்கத்தில் இருப்பவரைப் பாராட்டி ஒரு வரி எழுது. நான் பழுப்பு நிறம் என்று எழுதினேன், பயிற்சியாளர் அதற்கு இரண்டு நிமிடம் விளக்கம் கொடுத்தார்.

கேள்வி இதுதான். இந்தச் சமாச்சாரத்தில் ஏதாவது விஷயம் இருக்கிறதா, அல்லது சும்மா சர்டிஃபிகேட் வியாபாரமா? வேலையில் கோபமும் டென்ஷனும் வரும்போது நீங்கள் எல்லாம் நிஜமாகவே என்ன செய்கிறீர்கள்?

---

கட்டிங் டீ · திங்கள், இரவு 1:05

ப்ரோ, மத்தியானச் சாப்பாடு எப்படி இருந்தது, அதைச் சொல்லுங்கள் முதலில். எனக்கு அந்த வகுப்பில் நினைவிருப்பது பனீர் டிக்கா மட்டும்தான்.

---

சோழிங்கநல்லூர்க்காரன் · திங்கள், இரவு 1:09

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அதில் பொய் சொல்லக் கூடாது.

---

அம்பத்தூர் ஃபோர்மேன் · திங்கள், காலை 5:40

தம்பி, நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவன். எங்கள் காலத்தில் இந்தப் பெயரெல்லாம் கிடையாது, ஆனால் விஷயம் இருந்தது. பிரஸ் மிஷின் பக்கத்தில் நிற்கிற பையனை நீ திட்டினால் அவன் கை நடுங்கும். கை நடுங்கினால் விரல் போகும். அதனால் கோபத்தை எங்கே காட்டலாம் எங்கே காட்டக் கூடாது என்பதை நாங்கள் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டோம்.

எனக்குக் கோபம் முதலில் பிடரியில்தான் தெரியும். கழுத்துக்குப் பின்னால் சூடாகும், வாய்க்கு வருவதற்கு ஒரு அரை நிமிடம் முன்னாலேயே. அதை நான் கண்டுபிடிக்கவே பத்து வருடம் ஆனது. சூடு ஏறியதும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஷெட்டுக்குப் பின்னால் ஸ்கிராப் தொட்டியைப் பார்க்கப் போய்விடுவேன். எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகியிருக்கிறது என்று குனிந்து எண்ணுவேன். திரும்பி வரும்போது சொல்ல வேண்டியது அதேதான், ஆனால் குரல் வேறாக இருக்கும். உனக்கு எங்கே சூடாகிறது என்று பார். தாடையா, வயிறா, உள்ளங்கையா? அதைக் கண்டுபிடிக்காமல் நீ எத்தனை மூச்சு இழுத்தாலும் நேரம் தவறித்தான் இழுப்பாய்.

---

வெள்ளைச் சீருடை · திங்கள், காலை 8:20

இப்போதுதான் நைட் டூட்டி முடித்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், தப்பும் தவறுமாக எழுதினால் மன்னிக்கவும். ஸ்டாஃப் நர்ஸ், ஐ.சி.யூ., தனியார் மருத்துவமனை.

எங்களிடம் தினமும் யாராவது கத்துவார்கள். நேற்று ஒரு அட்டெண்டர், அப்பாவை உள்ளே விட்டுவிட்டு வெளியே நிற்கிறவர், டிரிப் தீர்ந்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்று என் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார். முதல் இரண்டு வருடம் இப்படி ஆனால் நான் கழிவறைக்குப் போய் அழுவேன். இப்போது என்ன மாறியது என்றால், அந்த விரலைப் பார்க்கும்போதே மனதுக்குள் "பயம்" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வேன். இது கோபம் இல்லை, பயம். சொன்னதும் எனக்கே குரல் இறங்கிவிடும். "அப்பாவோட பி.பி. இப்ப சரியாதான் இருக்கு, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க" என்பேன். பத்தில் ஏழு பேர் அங்கேயே உட்கார்ந்து விடுவார்கள். மிச்சம் மூன்று பேர் கத்திக்கொண்டேதான் இருப்பார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ராத்திரி உங்களுக்கு வந்தது கோபம்தானா?

---

கட்டிங் டீ · திங்கள், காலை 9:15

சிஸ்டர் நேரடியாக ஊசியே போட்டுவிட்டார்.

---

எம்.எஸ்சி. சைக்காலஜி · திங்கள், காலை 11:30

நர்ஸ் அக்கா சொன்னதற்கு ஆய்வு இருக்கிறது. 2007-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமும் பயமும் தெரிகிற முகங்களின் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். அந்த முகத்தில் தெரிகிற உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்து மணி அடிக்கும் பகுதியான அமிக்டலா அடங்கியது. அதே முகத்துக்கு ஒரு ஆளின் பெயரைப் பொருத்தச் சொன்னபோது அந்த அளவுக்கு அடங்கவில்லை. பெயர் வைப்பது ஒரு பிரேக் மாதிரி வேலை செய்கிறது.

அப்புறம், இந்த வகுப்புகளின் மேல் எனக்கும் கடுப்பு உண்டு. உணர்வு நுண்ணறிவு, அதாவது இமோஷனல் இன்டெலிஜென்ஸ், என்ற கருத்தை 1990-ல் ஒரு கட்டுரையில் வரையறுத்தவர்கள் பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற உளவியலாளர்கள். அவர்கள் சொன்னது ஒரு திறமை. முகத்தையும் குரலையும் படிப்பது, அந்த உணர்ச்சியை யோசனைக்குப் பயன்படுத்துவது, அது எதனால் வந்து எதில் போய் முடியும் என்று புரிந்துகொள்வது, கடைசியில்தான் கையாள்வது. 1995-ல் டேனியல் கோல்மன் என்ற பத்திரிகையாளர் எழுதிய புத்தகம்தான் இதை ஊர் முழுக்கப் பரப்பியது. வாழ்க்கை வெற்றியில் ஐ.க்யூ.வின் பங்கு 20 சதவீதம் என்று அதில் வரும். உடனே மிச்சம் 80 சதவீதமும் ஈ.க்யூ., அதாவது இந்த உணர்வு நுண்ணறிவுதான் என்று கணக்குப் போட்டு ஸ்லைடில் ஏற்றிவிட்டார்கள். குடும்பம், காசு, அதிர்ஷ்டம் எல்லாம் எங்கே போனது? உங்கள் பயிற்சியாளரும் அந்த 80-ஐக் காட்டியிருப்பார், பந்தயம் கட்டுகிறேன்.

---

சோழிங்கநல்லூர்க்காரன் · திங்கள், மாலை 4:45

காட்டினார். பை சார்ட்டாகவே போட்டுக் காட்டினார்.

சிஸ்டர், நீங்கள் கேட்டதைக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரிடமும் "டென்ஷன் ஆகிட்டேன்" என்றுதான் சொல்லிவந்தேன். எங்கள் ஆபீசில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் டென்ஷன்தான். அப்ரைசல் வந்தாலும் டென்ஷன், கேப் வரவில்லை என்றாலும் டென்ஷன், குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் டென்ஷன். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் அன்று எனக்கு வந்தது பயம். அந்த மாதம் அப்ரைசல், எல்லோரையும் வரிசைப்படுத்துகிற பெல் கர்வில் என்னை எங்கே தள்ளுவார்கள் என்று தெரியாது, கிளையன்ட் பக்கத்து ஆள் என் மேனேஜருக்கு நேராக மெயில் போடுகிற ரகம், சொந்த வீட்டுக்கு ஈ.எம்.ஐ. ஓடுகிறது. அந்தப் பெண் செய்த தப்பில் எனக்குத் தெரிந்தது என் முகம்தான். பயம் கூட இல்லை, அவமானம் வரப்போகிறது என்கிற பயம். அதற்கு ஒரு தனிச் சொல் இருக்க வேண்டும்.

---

ரங்கநாதன் தெரு · திங்கள், இரவு 9:30

பதைப்பு என்று சொல்வார்கள் எங்கள் ஊரில்.

நான் தி.நகரில் ஜவுளிக்கடையில் ஆறு வருடம் பட்டுப்புடவை செக்ஷனில் நின்றவள், எந்தக் கடை என்று கேட்காதீர்கள். நின்றவள் என்று நான் சும்மா சொல்லவில்லை. அப்போதெல்லாம் உட்கார ஸ்டூல் கிடையாது, கால் மாற்றி மாற்றித்தான் நிற்போம். 2021-ல்தான் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது, கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. நான் அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன்.

இந்த இன்டெலிஜென்ஸ் எங்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித்தரவில்லை. ஒரு கல்யாணப் பார்ட்டி பத்துப் பேராக உள்ளே வந்தால் முடிவெடுக்கிறது யார் என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தாக வேண்டும். பொண்ணு இல்லை, அம்மா இல்லை, மூலையில் உட்கார்ந்து ஒன்றுமே பேசாமல் மோர் குடிக்கிற அத்தைதான். அந்த அத்தை முகம் சுளித்தால் நாற்பது புடவையையும் மடித்து வைக்க வேண்டியதுதான். அதே மாதிரி எங்கள் ஃப்ளோர் மேனேஜர் லிஃப்டில் வராமல் படியில் வந்தால் அன்று யாருக்கோ அடி விழும் என்று அர்த்தம். சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு வந்தால் நல்ல மூடு, உள்ளங்கையில் அழுத்திப் பிடித்திருந்தால் ஒதுங்கிக்கொள். அவருக்கு எங்கள் முகத்தைப் பார்த்து எங்களில் யாருக்கு மாதவிடாய் வலி, யாருக்கு வீட்டில் சண்டை என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லையே அவருக்கு.

---

வெள்ளைச் சீருடை · திங்கள், இரவு 9:52

கடைசி வரியை நான் மூன்று தடவை படித்தேன்.

---

எட்டு மணி நேரம் · செவ்வாய், காலை 7:10

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் ஒரு கசப்பான விஷயத்தையும் பேசிவிடுவோம். நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன், அதனால் ஒருதலைப்பட்சமாகப் பேசுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

வேலை அழுத்தம் என்பது தொழிலாளியின் மனசுக்குள் இருக்கிற கோளாறு மாதிரியும் அவன் மூச்சுப் பயிற்சி செய்தால் போய்விடும் மாதிரியும் பேசுவதுதான் இந்த வகுப்புகளின் அடிப்படையே. 1979-ல் ராபர்ட் கராசெக் என்பவர் காட்டினார், வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை, வேலை அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு, இரண்டும் சேர்ந்தால்தான் உடைகிறான். பிரிட்டனில் 1967-ல் ஆரம்பித்த வைட்ஹால் ஆய்வு, சுமார் 18,000 அரசு ஊழியர்கள், பெரும்பாலும் நாற்காலி வேலைதான். மேலதிகாரிகளுக்குத்தானே டென்ஷன், அவர்களுக்குத்தானே மாரடைப்பு என்று நினைப்போம். நேர் எதிர். கீழ்ப்படியில் இருந்தவர்கள்தான் இதய நோயில் அதிகம் செத்தார்கள். உலக சுகாதார நிறுவனமே 2019-ல் பர்ன்-அவுட்டை, அதாவது வேலையால் வருகிற முழுச் சோர்வை, நோய் என்று வகைப்படுத்தாமல், சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வருகிற ஒன்று என்றுதான் விளக்கியது. பணியிட அழுத்தம் என்றால் ஆபீஸ். ஆளின் மனசு இல்லை.

நம் ஊரிலேயே 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது ஞாபகம் இருக்கிறதா? அன்று எல்லோரும் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிர்ப்பு வந்தது, நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். கோபத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது ஐயா. அதை எல்லா இடத்திலும் அணைத்துவிடச் சொல்லாதீர்கள்.

சோழிங்கநல்லூர் தோழர், அன்று ராத்திரி 11:40-க்கு அந்தப் பெண் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார்? ஏற்றுவதற்கு முன் அந்த ஃபைலை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்கிற ஏற்பாடு இருந்ததா?

---

சோழிங்கநல்லூர்க்காரன் · செவ்வாய், காலை 7:58

காலை ஒன்பதரையிலிருந்து. பார்க்க வேண்டியவன் நான்தான். பார்க்கவில்லை.

---

கட்டிங் டீ · செவ்வாய், காலை 8:01

அடடா.

---

எம்.எஸ்சி. சைக்காலஜி · செவ்வாய், மதியம் 1:20

தூக்கத்தைப் பற்றிச் சேர்த்துக்கொள்கிறேன். 2007-ல் இன்னொரு ஆய்வு, ஒரு ராத்திரி முழுக்கத் தூங்க விடாமல் வைத்தவர்களுக்குக் கோரமான படங்களைக் காட்டினால், தூங்கியவர்களை விட அமிக்டலா சுமார் 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதை அடக்கிவைக்கும் முன்மூளையோடு இருந்த தொடர்பும் பலவீனமாகியிருந்தது. உங்கள் ராத்திரி அந்த அளவுக்குப் போகவில்லைதான், ஆனாலும் பதினான்கு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு நிதானத்தை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். தொழிற்சங்க அண்ணன் சொல்வதும் நர்ஸ் அக்கா சொல்வதும் ஒன்றை ஒன்று வெட்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு திருத்தம் மட்டும். உணர்வு நுண்ணறிவு என்றால் அணைப்பது இல்லை. அணைப்பது வேறு, மாற்றிப் பார்ப்பது வேறு. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் இதில்தான் பல வருடம் வேலை செய்தவர். கோரமான படத்தைக் காட்டி முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்று சொன்னால், ஆட்கள் முகத்தை வைத்துக்கொள்கிறார்கள், உள்ளே உடம்பு இன்னும் அதிகமாகக் கொதிக்கிறது. நடந்தது ஞாபகத்தில் நிற்பதும் குறைகிறது. 2003-ல் அதே வழியில் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு பேசினால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. அதாவது பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லம்மா" என்று சொல்வதும் ஒரு வகையில் கத்துவதுதான்.

---

ரைட் ரைட் · செவ்வாய், இரவு 11:15

மாநகரப் பேருந்து நடத்துனர். ஓ.எம்.ஆர். ரூட். மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் ஒரு ட்ரிப் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்காதீர்கள், அது அந்தக் கடவுளுக்கே தெரியாது.

காலை முதல் ட்ரிப், ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுவார் ஒருத்தர். முன்னால் எல்லாம் "சில்லறை வெச்சிக்கினு ஏற மாட்டியா" என்று ஆரம்பித்து விடுவேன். அவர் பதிலுக்கு ஒன்று, நான் ஒன்று, மத்திய கைலாஷ் வருவதற்குள் பஸ் முழுக்க இரண்டு கட்சியாகிவிடும். அன்றைக்கு முழுக்கத் தலைவலி, சாப்பாடு இறங்காது. கலெக்ஷன் கணக்கும் தப்பாகும், அதுதான் பெரிய அடி, ஏனென்றால் குறைகிற காசு என் பாக்கெட்டிலிருந்து போகும்.

ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆள் இறங்கி அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார், நான் எட்டு மணி நேரம் அவரைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். டிக்கெட் வாங்காமல் நாள் முழுக்க என் தலைமேல் உட்கார்ந்து பயணம் செய்கிறார். அதிலிருந்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் 495 என்று எழுதி, "இறங்கறப்ப வாங்கிக்க சார்" என்று நகர்ந்துவிடுவேன். முகத்தைக் கூடப் பார்க்க மாட்டேன், பார்த்தால்தானே வம்பு. இது இன்டெலிஜென்ஸா என்று எனக்குத் தெரியாது. சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

---

ரங்கநாதன் தெரு · புதன், காலை 6:50

தலைமேல் உட்கார்ந்து ஓசிப் பயணம்! அண்ணே, இதை எடுத்து நான் எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்.

---

சோழிங்கநல்லூர்க்காரன் · புதன், இரவு 10:30

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நான் இன்னும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாள் "நேத்து கொஞ்சம் ஓவரா போயிட்டேன், ஆனா நீயும் பார்த்து செஞ்சிருக்கலாம்" என்று தனியாக ஒரு மெசேஜ் போட்டேன். "ஓகே அண்ணா" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். இப்போது வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். என்ன செய்யலாம்?

---

வெள்ளைச் சீருடை · வியாழன், காலை 8:40

அந்த "ஆனா" இருக்கிறதே, அதற்கு முன்னால் எழுதிய எல்லாவற்றையும் அது அழித்துவிட்டது. இன்னொன்று, எட்டுப் பேர் முன்னால் திட்டிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது. எட்டுப் பேர் முன்னாலேயே கேளுங்கள். என்ன தப்பு என்று சொல்லி, உங்கள் பங்கை, அந்த ஃபைலைப் பார்க்காததை, சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் தூக்கம் வரவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்கள், ஒரு மாதமாக இப்படியே என்றால் அதைத் தனியாகக் கவனியுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும், தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நானே ஒரு தடவை பேசியிருக்கிறேன்.

---

அம்பத்தூர் ஃபோர்மேன் · வியாழன், காலை 9:30

நர்ஸம்மா சொல்வதில் பாதிக்கு எனக்குச் சம்மதம் இல்லை. நாலு பேர் முன்னால் லீட் தலைகுனிந்தால் நாளைக்கு அவன் சொல்வதை யார் கேட்பார்கள்? தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மனசாரச் சொன்னால் போதும். எங்கள் ஷாப்பில் அப்படித்தான்.

---

எட்டு மணி நேரம் · வியாழன், காலை 9:44

ஃபோர்மேன் ஐயா, உங்கள் ஷாப்பில் சுவரில் ஏதாவது குறள் எழுதி வைத்திருந்தார்களா? கோபத்தைப் பற்றி?

---

அம்பத்தூர் ஃபோர்மேன் · வியாழன், காலை 10:02

இருந்தது. "தன்னைத்தான் காக்கின்" குறள். நீலப் பெயின்ட். ஏன்?

---

எட்டு மணி நேரம் · வியாழன், காலை 10:10

எந்தப் பக்கம் பார்த்து எழுதியிருந்தது? தொழிலாளிகள் நிற்கிற பக்கமா, மேனேஜர் கேபினுக்கு எதிரிலா?

---

அம்பத்தூர் ஃபோர்மேன் · வியாழன், காலை 11:35

யோசித்துப் பார்த்தேன். தொழிலாளிகள் பக்கம்தான். நேரக் கடிகாரத்துக்கு மேலே.

---

எட்டு மணி நேரம் · வியாழன், மதியம் 12:15

அதே அதிகாரத்தின் முதல் குறளை எந்தக் கம்பெனியிலும் சுவரில் நான் பார்த்ததில்லை. "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்." கோபம் எங்கே செல்லுபடியாகுமோ, அங்கே அடக்குகிறவன்தான் அடக்குகிறவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று அடுத்த வரியிலேயே கேட்டுவிட்டுப் போகிறார் வள்ளுவர். நடத்துனர் அண்ணனும் ஜவுளிக்கடை அக்காவும் நர்ஸம்மாவும் அடக்கியது வேறு வழியில்லாமல். சோழிங்கநல்லூர் தோழரே, கிளையன்ட் மேனேஜரிடம் அன்று ராத்திரி நீங்கள் கத்தினீர்களா?

---

சோழிங்கநல்லூர்க்காரன் · வியாழன், மதியம் 12:40

இல்லை. அவரிடம் மிகவும் மரியாதையாகப் பேசினேன். அதே நிமிடத்தில். இன்னொரு சாட் விண்டோவில்.

---

அம்பத்தூர் ஃபோர்மேன் · வியாழன், மாலை 6:00

தம்பி, எட்டுப் பேர் முன்னாலேயே கேட்டுவிடு. நான் சொன்னதை விட்டுவிடு. எனக்கும் ஒரு பையன் ஞாபகம் வந்துவிட்டது, லேத்தில் இருந்தவன், அவனிடம் நான் கேட்கவே இல்லை.

---

சோழிங்கநல்லூர்க்காரன் · மூன்று வாரம் கழித்து, சனி, காலை 10:20

என்ன ஆனது என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப்பில், அதாவது டீமின் தினசரிக் குட்டி மீட்டிங்கில், எல்லோரையும் கேமரா போடச் சொல்லிவிட்டுச் சொன்னேன். ஃபைலைப் பார்க்க வேண்டியது நான், பார்க்காதது என் தப்பு, பேசியதும் தப்பு, அது உங்கள் யாரிடமும் பேசக் கூடாத பேச்சு. "ஆனா" வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். ஒரு நிமிடம் யாருமே பேசவில்லை. அப்புறம் ஒருவன் "அண்ணா, அந்த லாகின் டிக்கெட் இன்னும் ஓபன்ல இருக்கு" என்றான். வேலை ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பெண் ப்ராஜெக்ட் மாறித்தான் போனார். நான் கேட்டதால் மனசு மாறிவிட்டது என்று எழுத ஆசைதான், மாறவில்லை. ஆனால் கடைசி நாள் கீழே டீக்கடையில் பார்த்தபோது ஒன்று சொன்னார். நான் கோபமாக இருந்தால் சாட்டில் "சரி" என்று போடாமல் "ம்" என்று மட்டும் போடுவேனாம். எனக்கு இது சத்தியமாகத் தெரியாது. அந்த "ம்" வந்ததும் டீம் முழுக்க உஷாராகிவிடுமாம். நான் இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, பெயர் வானிலை மையம். காலையில் என் முதல் மெசேஜைப் பார்த்துவிட்டு ஒருவர் அறிக்கை போடுவாராம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, மதியத்துக்கு மேல் இடியுடன் கூடிய மழை, மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம். அப்ரைசல் மாதம் முழுக்க ரெட் அலர்ட். மூன்று வருடமாக நடக்கிறது. எனக்குப் பிடரி சூடாவது எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எட்டுப் பேருக்குத் தெரிந்திருக்கிறது.

சிரித்துவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் துரைப்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

ரிலீஸ் நேரத்தை ராத்திரியிலிருந்து மதியத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கிளையன்ட் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றுவதற்கு முன் இரண்டு பேர் பார்த்தாக வேண்டும் என்று வைத்துவிட்டோம், அதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. எனக்கு எங்கே சூடாகிறது என்றும் கண்டுபிடித்தேன் ஃபோர்மேன் ஐயா, வலது காது. அது சூடானால் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகிறேன். பாட்டில் நிறைந்திருந்தாலும் போகிறேன்.

---

கட்டிங் டீ · சனி, காலை 10:31

ப்ரோ, அந்தக் குழுவில் உங்களைச் சேர்த்தார்களா?

---

சோழிங்கநல்லூர்க்காரன் · சனி, காலை 10:40

சேர்ப்பார்களா? கேட்கவும் இல்லை. ஆனால் நேற்று மதியம் நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தபோது பின்னால் ஒருவன் மெதுவாக "ஆரஞ்சு அலர்ட்" என்றான். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னான் என்று நினைக்கிறேன்.